நங்கூரம் எறிந்த பிள்ளை

கண்டக்குழி அல்பிரட்டுக்குத் தனக்குப் படிப்பித்த யூஜீனியா ரீச்சர் மேல் முப்பத்தாறு வருசமாக ஒரு கோபம் இருந்தது. வெளியே காட்டாத கோபம். கோயிலில் அவரைக் கண்டால் தலையை ஆட்டுவான், ரோட்டில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவான். நெஞ்சுக்குள் மட்டும் அது அடுப்புத் தணல் மாதிரிச் சாம்பல் மூடிக் கிடந்தது. கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் எவனாவது ஒருவன் அந்தச் சாம்பலை ஊதிவிடுவான்.

ஊதுகிறவன் அநேகமாக நிலுக்சன். அல்பிரட்டின் மீன்பிடிப் போட்டில் கூட வலை இழுக்கிறவன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன், ஆனாலும் அவனுடைய வாய்க்கு மட்டும் இன்னும் வயது வரவில்லை. அல்பிரட் நங்கூரத்தைத் தூக்கி, போட்டின் விளிம்பில் வைத்ததும் பின்னால் இருந்து கேட்பான்:

"அண்ணே, கயிறு கட்டியிருக்கா?"

"முதல்ல உன்ட வாயைக் கட்டு."

"இல்லண்ணே, பொதுவா ஒரு கேள்வி கேட்டேன்."

ஊரில் மூன்று அல்பிரட் உண்டு. ஐஸ் லொறி அல்பிரட், பாட்டுக்கார அல்பிரட், மற்றது நங்கூரம் அல்பிரட். பவுலினாவைப் பெண் கேட்டுப் போனபோது அவளுடைய மாமன் "எந்த அல்பிரட்? நங்கூரமா?" என்று கேட்டு, சிரித்து, புரைக்கேறி, தண்ணீர் கொடுத்துத்தான் மாமனை ஆறுதல்படுத்த வேண்டியிருந்தது. மீனவர் சங்கத்தில் செயலாளர் பதவிக்கு நின்றபோது பின்வரிசையிலிருந்து ஒருவன் "சங்கத்தையும் கட்டாமத் தூக்கி எறிஞ்சிடுவான்" என்று கத்தினான். அதோடு அது முடிந்தது.

இத்தனைக்கும் அல்பிரட் தன் வாழ்நாளில் ஒருநாளும் கயிறு கட்டாமல் நங்கூரம் எறிந்ததில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

எறிந்தது கதையில் வருகிற பொடியன். ரீச்சர் எழுதிய முதல் கதைப் புத்தகம் அது. ஒரு பொடியன் முதன்முதலாக அப்பனோடு கடலுக்குப் போகிறான். அப்பன் "போடு" என்று சொன்னதும், உடம்பிலுள்ள பலமெல்லாம் சேர்த்து நங்கூரத்தைத் தூக்கி எறிகிறான். நங்கூரம் போய்விட்டது. கயிறு அவன் காலடியில் சுருண்டு கிடக்கிறது. பிறகு அப்பனும் மகனும் பகல் முழுக்கக் காற்றோடு அலைந்து, ஆமையையும் பறக்கிற மீனையும் டொல்பின் கூட்டத்தையும் கண்டு வீட்டுக்கு வருகிறார்கள். நல்ல கதைதான். அல்பிரட்டே அதை ஒளித்து வைத்து நான்கு தரம் வாசித்திருக்கிறான்.

வில்லங்கம் அட்டையில் வந்தது. எழுபத்தொன்பதில் அந்தப் புத்தகத்தை அச்சடித்தவர் புத்தளம் டவுனில் கலியாணக் கார்டு அடிக்கிற ஹயாத்து முகம்மது. வேறு யாரும் பிள்ளைகளின் கதையை அடிக்க முன்வராத காலம். "டீச்சர், ரோஸ் தாள் கொஞ்சம் மிச்சம் ஈக்கிது, அதுல அடிச்சித் தாரேன். கலியாணம் மாதிரி ஈக்கும்" என்று சொல்லி, ஒரு சதமும் வாங்காமல் அடித்துக் கொடுத்தார். அட்டைக்கு ஒரு பொடியனின் படம் வேண்டும் என்றதும் ரீச்சர் தன்னிடமிருந்த மூன்றாம் வகுப்புப் படத்தைக் கொடுத்தார். கடைப் பலகை எழுதுகிற பெயின்டர் அந்தப் படத்தில் முன்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்து, காது இரண்டும் விரிந்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அச்சு அசலாக வரைந்துவிட்டான். அது அல்பிரட். அந்த வருசம் தலவில் அன்னம்மாள் திருநாளில் புத்தகம் விற்றபோது ஊர்ச்சனம் முழுக்க அட்டையைப் பார்த்தது. அல்பிரட்டைப் பார்த்தது. அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்போடு அவன் பள்ளிக்கூடம் விட்டான். அப்பனுக்கு நெஞ்சு நோய் என்பது பாதிக் காரணம். மற்றப் பாதியை அவன் யாருக்கும் சொன்னதில்லை.

ரீச்சரின் புத்தகங்களோ நின்ற இடத்தில் நிற்கவில்லை. பழைய சோதனைத் தாள்களின் முதுகில் எழுதி எழுதி ஒன்பது புத்தகம் போட்டார். தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனங்கள் உடுத்த உடுப்போடு வந்து ஆலங்குடாப் பக்கம் ஓலைக் கொட்டில்களில் இருந்தபோது, பள்ளிக்கூடம் விட்ட கையோடு சைக்கிளில் போய் அந்தப் பிள்ளைகளை மணலில் இருத்தி வாசித்துக் காட்டினார். அவர் கலியாணம் கட்டவில்லை. தங்கச்சி அனஸ்தாசியா விதவையாகி வந்தபின் இரண்டு பேருமாகக் கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். சிலாபத்து ஆசிரியர் ஒருவர் நங்கூரக் கதையைச் சிங்களத்தில் மாற்ற, அது தெற்கிலும் போய்ச் சேர்ந்தது. யுத்தம் முடிந்து மூன்று வருசத்தில் கொழும்பில் பெரிய பரிசு ஒன்று கொடுத்தார்கள். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பால் கட்டியிருந்தது. அந்தக் கண்ணாடியோடுதான் மேடைக்குப் போய்ப் பரிசை வாங்கினார்.

பரிசுக்குப் பின்னால் வந்ததுதான் டிவி.

இரண்டாயிரத்துப் பதினைந்து தை மாதம், அலை அடங்கிக் கடல் படுத்துக் கிடக்கிற நேரத்தில், இரண்டு வேன் நிறையச் சாமானோடு நிலானி என்ற பெண் கண்டக்குழியில் வந்து இறங்கினாள். மாரவில ஊர்க்காரி. சின்ன வயதில் சிங்களத்தில் அந்தக் கதையை வாசித்தவள். தாய் தமிழ் பேசுகிறவள் என்பதால் தமிழும் தெரியும். ரீச்சரின் வாழ்க்கையைப் பன்னிரண்டு பகுதியாகத் தொடர் நாடகம் எடுக்கப் போகிறாளாம். அவள் நேரே அல்பிரட்டின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே! நீங்கதானே அந்தப் பொடியன்? ஊரே சொல்லுது. ஐயோ, அதே காது!"

அல்பிரட் கிழிந்த வலையைத் தைத்துக் கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"எட்டாம் பகுதியில நங்கூரம் எறியிற காட்சி. அது முடிய நீங்களே வாறீங்க. கரையில நிண்டு கடலைப் பாத்துச் சிரிக்கிறீங்க. சரி, அவ்வளவுதான்."

"நான் சிரிக்கிற ஆள் இல்ல."

"அது உண்மைதான் மிஸ்" என்றாள் உள்ளேயிருந்து பவுலினா. "எங்கட கலியாணப் படத்தைப் பாருங்க."

"உங்கட போட்டும் வேணும் அண்ணே. வலையோட இருக்கிற உண்மையான போட்டு."

அல்பிரட் ஊசியை வலையில் குத்தி வைத்தான். இவ்வளவு காலமும் கண்டக்குழி மட்டும் சிரித்தது. இனி நாடு முழுக்கச் சிரிக்கும், இரண்டு மொழியில் சிரிக்கும். பதினொரு வயது மகள் ஷானிகா ஒருநாள் கட்டிப் போகிற வீட்டிலும் டிவி இருக்கும்.

"போட்டைத் தாறேன். ஆனா அந்தப் பொடியன் நான் இல்ல எண்டு நாடகத்தில சொல்லணும்."

"அப்ப யார் அண்ணே?"

"எழுதினவங்களக் கேளுங்க."

"கேட்டேனே. ரீச்சர் சிரிக்கிறாங்க. ஒண்டும் சொல்றாங்க இல்ல."

"அப்ப நான் கேக்கிறேன்" என்று அல்பிரட் எழும்பினான். முப்பத்தாறு வருசம் எழும்பாதவன் எழும்பினான்.

ரீச்சர் வீட்டில் அனஸ்தாசியா குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக் கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அக்கா, நங்கூரம் வந்திருக்கான்!"

அவனுக்கு முகம் கறுத்தது. அவளுக்கு அது விளங்கவே இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

ரீச்சர் மேசையில் இருந்தார். எழுபத்திரண்டு வயது. "இரு அல்பிரட். பிளேன்ரீ குடி."

"இருக்க வரல்ல ரீச்சர். ஒண்டு கேக்க வந்தேன். உங்களுக்குத் தெரியுமே, நான் ஒருநாளும் அப்பிடி எறியல்ல."

"தெரியும்."

"அப்ப எறிஞ்சது ஆர்? ஆரும் எறியல்லயா? சும்மா எழுதினதா?"

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி, தங்கூசி முடிச்சைத் தடவிப் பார்த்து, திரும்பப் போட்டார்.

"நான்தான் எறிஞ்சேன்."

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

நடந்தது ஐம்பத்துநாலில். ரீச்சருக்குப் பதினொரு வயது. அண்ணனுக்குக் காய்ச்சல். வள்ளத்தில் கூடப் போகிறவன் செத்தவீட்டுக்குப் போய்விட்டான். வீட்டில் அரிசி இல்லை. விடியுமுன் அப்பன் மகளை எழுப்பி, அண்ணனின் கால்சட்டையைப் போடச் சொல்லி, தலைமயிரைத் துவாயால் கட்டி, பொடியன் மாதிரிக் கூட்டிப் போனார். பெண் பிள்ளை வலை வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது, வலையைத் தாண்டவும் கூடாது. அது அந்தக் கரையில் எழுதாத சட்டம். கடலுக்குள் பாறைத் திட்டான கற்பாருக்குப் போனதும் அப்பன் "போடு புள்ள" என்றார். அவள் போட்டாள். அப்பன் கயிற்றைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், வள்ளத்துக்குள் இருந்து கண்ணீர் வரச் சிரித்தார். காற்று அவர்களை இழுத்துப்போய்ப் பின்னேரம் உச்சமுனைக் கரையில் விட்டது. அங்கே ஒரு முஸ்லிம் மீன்காரர் பாணும் தேத்தண்ணியும் கொடுத்து, பழைய நங்கூரம் ஒன்றும் கொடுத்து அனுப்பினார்.

"ஊருக்கு வந்தபிறகுதான் வினை. அந்த வருசம் ஆருக்கும் மீன் படல்ல. ஒருத்தன்ட வலையை அவன்ட பெண்சாதி தாண்டினதாம் எண்டு சொல்லி, தோசம் கழிய அவளைச் சாம்பிராணி போட்டு வலையைச் சுத்தவச்சாங்க. அழுதழுது சுத்தினாள், நான் பாத்தேன். என்ட கதை தெரிஞ்சா அப்பாவை இந்தக் கரையில வள்ளம் விட விட்டிருக்கமாட்டாங்க. சொல்லாதே புள்ள எண்டு அப்பா சத்தியம் வாங்கிட்டார். சொல்ல ஏலாததை எழுதினேன். பொம்பிளப்புள்ளய எழுதப் பயம். அதால பொடியன். பொடியனுக்கு ஒரு முகம் வேணும். நீ படத்தில முன்வரிசையில இருந்தாய், பல்லில்லாமச் சிரிச்சிக்கொண்டு."

"உங்கட அப்பா எண்பத்தாறில போயிட்டார் ரீச்சர். அவர் போயும் இத்தனை வருசம்."

"ஓம். முதல்ல சத்தியம், பிறகு வெக்கம், பிறகு சோம்பல். உன்னை அப்பிடிக் கூப்பிடுறது செல்லம் எண்டு நினைச்சிட்டேன்."

"செல்லமா!" அல்பிரட் ஆரம்பித்தான். பெண் கேட்டுப் போனது, சங்கத் தேர்தல், நிலுக்சன், எல்லாவற்றையும் கொட்டினான். ரீச்சர் தண்டனைக்கு எழும்பி நிற்கிற பிள்ளை மாதிரிக் கேட்டுக் கொண்டிருந்தார். கடைசியில் மெல்லக் கேட்டார்:

"நீ பள்ளிக்கூடம் விட்டது இதாலயா?"

அந்தக் கேள்விக்காகத்தான் முப்பத்தாறு வருசம் காத்திருந்தவன் போல அவன் வாயைத் திறந்தான். அவருடைய முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"இல்ல ரீச்சர். அப்பாவுக்குச் சுகமில்லாததால."

அவர் நம்பினாரோ இல்லையோ தெரியாது. "மன்னிச்சுக்கொள் மகன்" என்றார். "நிலானியக் கூப்பிடு, சொல்லிடுறேன். ஆனா ஒண்டு. உண்மையைச் சொன்னா நாடகத்திலயும் ஒரு பொம்பிளப்புள்ளதான் வலை போட்டில ஏறணும். இந்தக் கரையில அதுக்கு ஆர் தன்ட போட்டைத் தருவான்?"

அல்பிரட் வெளியே வந்தான். தன் பெயரைக் கழுவத் தன் போட்டையே கொடுக்க வேண்டும். இதை அவன் யோசிக்கவில்லை. பவுலினாவைக்கூட அவன் ஒருநாளும் அந்தப் போட்டில் ஏற்றியதில்லை. நம்பிக்கையா, பயமா, பழக்கமா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. தகப்பன் ஏற்றவில்லை, அவனும் ஏற்றவில்லை.

இரண்டு நாள் போட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள் நிலானியை ரீச்சரிடம் கூட்டிப்போய், "போட்டை எடுங்க" என்றான்.

ஊரில் கதை பரவ அரை நாள் போதும். ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்துக்கு வந்ததும் சங்கத் தலைவர் கபிரியேல் சம்மாட்டி அவனை மறித்தார். கரையில் அதிகம் போட்டு வைத்திருக்கிறவர், குரலும் அதிகம்.

"என்ன அல்பிரட், வலைப் போட்டில பொம்பிளப்புள்ளய ஏத்தப் போறியாமே. டிவிக்காரர் போயிடுவாங்க. மீன் படாட்டி நாங்கதான் பட்டினி."

"உங்கட மகன் நாள் தவறாம வெள்ளைக்காரிகளை ஏத்திக்கொண்டு போறான், சம்மாட்டி. அதுக்கு மட்டும் மீன் படுமா?"

"அது டொல்பின் பாக்கிற போட்டு. அதில வலை இல்ல."

"விடிய டொல்பின் போட்டு, பின்னேரம் வலைப் போட்டு. ரெண்டும் ஒரே போட்டுத்தானே. வெள்ளைக்காரிக்குக் கால் இல்லையா?"

சனம் சிரித்தது. சம்மாட்டிக்குக் காது சிவந்தது. "நீ கதைக்காத நங்கூரம்! கயிறு கட்டத் தெரியாத ஆள் எங்களுக்குக் கடல் படிப்பிக்க வாறியா?"

"அது அவன் இல்ல, கபிரியேல்."

யூஜீனியா ரீச்சர் குடையை ஊன்றிக் கோயில் படியில் நின்றார். மூன்று தலைமுறைக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்த குரல். முற்றம் தன்பாட்டில் அடங்கியது. அவர் சுற்றி வளைக்கவில்லை. வருசம், அண்ணனின் கால்சட்டை, துவாய், கற்பார், எறிந்தது, எல்லாவற்றையும் வகுப்பில் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

சம்மாட்டி விரல் விட்டு எண்ணினார். "ஐம்பத்துநாலு. அந்த வருசம் எங்கட அப்பாட வலையில ஒண்டும் படல்ல. எனக்கு ஞாபகம் இருக்கு."

"எங்களுக்கும் படல்ல. ஐம்பத்துமூணிலயும் படல்ல. அந்த வருசம் ஏறினது ஆர்?"

சம்மாட்டி சட்டைப் பொத்தானைத் திருகினார். பின்னால் நின்ற நிலுக்சன்தான் கேட்டான்: "அப்ப இவ்வளவு காலமும் பிழையான ஆளையா பகிடி பண்ணினோம்?"

"நீ இன்னும் பண்ணுவாய்" என்றான் அல்பிரட்.

படம் எடுக்கிற நாள் வந்தது. சின்ன யூஜீனியாவாக நடிக்கக் கொழும்பிலிருந்து வந்த பிள்ளை நல்ல கெட்டிக்காரி, தரையில். முதல் அலையிலேயே சத்தி எடுத்து, இரண்டாவது அலையில் தாயின் பெயரைச் சொல்லி அழுதாள். நிலானி தலையில் கை வைத்தாள். பிறகு கரையில் வேடிக்கை பார்த்து நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். ஷானிகாவில் கண் நின்றது.

"அண்ணே..."

"ஏலாது."

"முகம் தெரியாது அண்ணே. தூரத்தில இருந்துதான் எடுக்கிறது."

"ஏலாது எண்டு சொன்னேனே."

வேறு வீட்டுப் பிள்ளை என்றால் ஒரு கதை. சொந்தப் பிள்ளை, சொந்தப் போட்டு, சொந்த வலை. அல்பிரட் வலையைப் பார்த்தான். அதை இறக்கி வைத்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. இறக்கினால் பிறகு ரீச்சர் சொன்னதெல்லாம் எதற்கு? கரையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த ரீச்சர் குடையை மடித்து மடியில் வைத்தார். பக்கத்தில் நின்ற பவுலினாதான் சொன்னாள்: "பிள்ளையைப் பாருங்க. உங்களை இல்ல, போட்டைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

ஷானிகா கொழும்புப் பிள்ளை கழற்றிப் போட்ட கால்சட்டையும் துவாய்க் கட்டுமாக ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

"ஏறு" என்றான் அல்பிரட்.

டிவிக்காரர் லேசான ரெஜிபோம் அட்டையில் செய்து கறுப்புப் பெயின்ட் அடித்த நங்கூரம் கொண்டு வந்திருந்தார்கள். ஷானிகா அதை எறிந்ததும் அது வாத்து மாதிரி மிதந்தது. நிலுக்சன் சிரித்த சிரிப்பில் போட்டு ஆடியது. அல்பிரட் தன்னுடைய இரும்பு நங்கூரத்தை இழுத்து முன்னால் வைத்தான்.

"இதை எறியட்டும். இங்க ஆழம் அவ்வளவு இல்ல, முங்கி எடுப்பேன்."

கமராவோடு மற்றப் போட்டில் இருந்த நிலானி கை காட்டினாள். ஷானிகா நங்கூரத்தைப் பிடித்தாள், குனிந்தாள், கயிற்று நுனியை எடுத்து வளையத்தில் கோர்த்து இரண்டு முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு எறிந்தாள்.

"கட்! மகள், கட்டக் கூடாது! கட்டாம எறியணும்!"

இரண்டாம் தரமும் கட்டினாள். மூன்றாம் தரமும் கை தன்பாட்டில் கயிற்றுக்குப் போனது. "கட்டாம எப்பிடி எறியிறது?" என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நடந்து பழகிய நாளிலிருந்து கரையில் தகப்பன் சொல்லிக் கொடுத்த ஒரே ஒரு பாடம் அதுதான். தோணி விளையாடினாலும் கட்டு, ஆட்டைக் கொண்டுவந்தாலும் கட்டு, கட்டிவிட்டு இழுத்துப் பார். நங்கூரம் அல்பிரட்டின் மகள் வேறு எப்படி வளர்வாள்?

எல்லாரும் அல்பிரட்டைப் பார்த்தார்கள்.

அல்பிரட் அவளுக்குப் பக்கத்தில் குந்தினான். கயிற்று நுனியை அவள் கையிலிருந்து வாங்கினான்.

"கட்டாம எறி, மகள்."

"போயிடுமே அப்பா."

"போகட்டும். அப்பா சொல்றேன். எறி."

ஷானிகா எறிந்தாள். உடம்பிலுள்ள பலமெல்லாம் சேர்த்து எறிந்தாள். தண்ணீர் தெறித்து அல்பிரட்டின் முகம் முழுக்க நனைந்தது. கயிறு காலடியில் அப்படியே கிடந்தது. அவள் கயிற்றைப் பார்த்து, தகப்பனைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் சிரித்தாள். கமரா நின்றபிறகும் அல்பிரட் சிரித்துக் கொண்டிருந்தான். அதை யாரும் எடுக்கவில்லை. பவுலினாவுக்கு அது இன்றைக்கும் கவலை.

அடுத்த நாள் விடிய அவனும் நிலுக்சனும் அதே போட்டில் அதே வலையோடு போனார்கள். பயந்துதான் போனான், பொய் சொல்லக் கூடாது. கரையில் சம்மாட்டியும் இன்னும் பத்துப் பேரும் காவல் நின்றார்கள். போட்டு வந்ததும் எட்டிப் பார்த்தார்கள். சாளை கொஞ்சம், கும்பளா கொஞ்சம். முந்தின கிழமை பட்டது போலத்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மலைபோல் பட்டிருந்தாலும் சனம் ஏதாவது கதை கட்டியிருக்கும். இப்படிப் பட்டதில் ஒருவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. சம்மாட்டி "ம்" என்றார். அந்த "ம்" போதுமாக இருந்தது.

தென்மேற்குக் கச்சான் காற்று அடித்து, தொழிலுக்குப் போகமுடியாமல் கடல் மூடிக் கிடந்த ஆடி மாதத்தில் எட்டாம் பகுதி வந்தது. சங்கக் கட்டடத்தில் டிவியை மேசைமேல் வைத்து, ஊரே நிலத்தில் இருந்து பார்த்தது. சிங்களமும் தமிழும் கலந்து ஓடியது. பெண் பிள்ளை எறிந்ததும், தகப்பனாக நடித்தவர் கண்ணீர் வரச் சிரித்ததும், அனஸ்தாசியா "எங்கட அப்பா இப்பிடித்தான்" என்று முந்தானையால் முகத்தை மூடினாள். ரீச்சர் அழவில்லை. "கால்சட்டை இவ்வளவு புதுசா இருக்கல்ல" என்று மட்டும் சொன்னார்.

அல்பிரட்டின் பட்டப்பேர் போய்விட்டதா என்றால், முழுக்கப் போகவில்லை. ஊர் கொடுத்ததை டிவி எடுக்குமா? ஆனால் கேட்கிறவர்களுக்கு இப்போது சொல்ல ஒரு மறுமொழி இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஷானிகாவைக் கண்டு "நங்கூரம்!" என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பி, கையை இடுப்பில் வைத்து, "ஓம், என்ன?" என்று கேட்டாள். அப்படி ஒரு மறுமொழி அல்பிரட்டுக்கு முப்பத்தாறு வருசமாகத் தோன்றவே இல்லை.

அந்த வருசம் மார்கழியில் யூஜீனியா ரீச்சர் காலமானார். பகல் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தபடியே, நோவு இல்லாமல். அதற்கு மூன்று கிழமைக்கு முன் அவர் அல்பிரட்டின் வீட்டுக்கு வந்தார். தானாக அந்த வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தரம். கையில் சோதனைத் தாள் ஒன்று. முதுகில் ஏதோ வரைந்திருந்தது.

"கடல் படுத்திட்டுது, அல்பிரட்."

"ஓம் ரீச்சர். இனித் தொழில் நல்லம்."

"கோயில் பாட்டுக் குழுவில பொம்பிளைகள் எட்டுப் பேர், கற்பார்ப் பக்கம் ஒருக்காப் போய்ப் பாக்கணும் எண்டு என்னட்டப் பேர் தந்திருக்காங்க. கபிரியேல்ட பெண்சாதியும் தந்திருக்கா. அவருக்கு இன்னும் தெரியாது, நீயும் சொல்லாத."

அல்பிரட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ட போட்டிலயா?"

"வேற ஆர்ட போட்டில? அனஸ்தாசியாவும் வரணுமாம். அவளுக்கு முழங்கால் மடியாது. போட்டுக்குள்ள அவளைத் தூக்கிப் போட ஏலுமா, அவள் என்ன மீனா?" அவர் தாளை நீட்டினார். நான்கு கோடும் இரண்டு வளைவுமாக ஏதோ ஒன்று. "பின்பக்கத்தில மாட்டிக் கழட்டுற மாதிரி ஒரு மர ஏணி செய்து தா. உன்ட கணக்குக்குச் செய்யாத, படி அகலமா இருக்கட்டும். சீலை கட்டினவங்க ஏறுறது."